எலும்பைத் தொட்டுப் படிக்கலாம்



எலும்புக்கூடு என்றாலே நம் பிள்ளைகளுக்குப் பேய்ப் படம்தான் ஞாபகம் வருகிறது. சாப்பிடாமல் அடம் பிடிக்கிற பிள்ளையிடம் "எலும்புக்கூடு மாதிரி ஆயிடுவே" என்று நாமும் மிரட்டுகிறோம். உண்மையில் அது நம்மோடு எழுந்து, நம்மோடு நடந்து, நம்மோடு படுக்கிற ஒன்று. மூன்று வயதுப் பிள்ளைக்குக்கூட அதைப் பற்றிச் சொல்லித்தரலாம். படம் வேண்டாம், பிள்ளையின் உடம்பே போதும். தன் எலும்பு எது என்று தெரிந்த பிள்ளை, கீழே விழுந்து வந்தால் "இங்கதான் வலிக்குது" என்று விரலை வைத்துக் காட்டும். அது எவ்வளவு பெரிய உதவி என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

செயல்வழிக் கற்றல் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-இல் தமிழ்நாடு முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து, அட்டையை எடுத்து, தாங்களே செய்து பார்த்துப் படித்தார்கள். நம் வீட்டுத் திண்ணையிலும் அதே வழிதான்.

முதலில் தொடச் சொல்லுங்கள். முழங்கை, முட்டி, கணுக்கால், கழுத்துக்குக் கீழே காறை எலும்பு. கெட்டியாக இருந்தால் எலும்பு. காது மடலையும் மூக்கு நுனியையும் மடக்கிப் பார்க்கட்டும், அது வளையும். அதுதான் குருத்தெலும்பு. கைக்குழந்தையின் உச்சிக்குழியில் எண்ணெய் வைத்த நமக்கு இது புதிது இல்லை. அங்கே மண்டை எலும்புகள் இன்னும் ஒட்டவில்லை, சுமார் ஒன்றரை வயதுக்குள் மூடிவிடும். பிறக்கும்போது ஏறக்குறைய 300 துண்டுகளாக இருப்பவை வளர வளர ஒன்றோடொன்று சேர்ந்து, பெரியவர்களுக்கு 206 எலும்பு ஆகின்றன. பிள்ளைக்கு நம்மைவிட எலும்பு அதிகம் என்று சொல்லிப் பாருங்கள், அதற்கு வரும் பெருமையை!

அடுத்தது விரல். நம் பாட்டிமார் பால் கணக்கையும் நாள் கணக்கையும் விரல் கணுவில் எண்ணுவார்களே, அதே மாதிரி எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொரு விரலுக்கும் மூன்று எலும்பு, கட்டைவிரலுக்கு மட்டும் இரண்டு. ஆக ஒரு கை விரல்களில் 14. உள்ளங்கையில் 5, மணிக்கட்டில் 8 சேர்த்தால் 27. ஒரு பாதத்தில் 26. இரண்டு கை, இரண்டு பாதம் கூட்டினால் 106. உடம்பு எலும்பில் பாதிக்கு மேல் இங்கேயே இருக்கிறது! கோலம் போடவும், பூ கட்டவும், தையல் போடவும் இத்தனை துண்டுகள் வேண்டியிருக்கிறது.

பிறகு பிள்ளையைத் தரையில் படுக்க வைத்து, சுற்றிலும் கோலமாவால் கோடு போடுங்கள். எழுந்ததும் அந்தக் கோட்டுக்குள் எலும்பு வைக்கிற விளையாட்டு. கைகாலுக்குக் குச்சி, விலாவுக்குத் துடைப்பத்தின் ஈர்க்கு, பக்கத்துக்குப் 12. தொடைக்கு இருப்பதிலேயே நீளமான குச்சி, ஏனென்றால் உடம்பிலேயே நீளமான எலும்பு அதுதான். விரலுக்கு மொச்சைக்கொட்டை வைக்கலாம். ஆனால் மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பக்கத்தில் இருந்தால் கொட்டை வேண்டவே வேண்டாம், மூக்கிலும் வாயிலும் போட்டுக்கொள்ளும்.

முதுகெலும்புக்குத் தண்ணீர் பாட்டில் மூடி போதும். நடுவில் ஓட்டை போட்டு (ஓட்டை போடுவது நம் வேலை) கயிற்றில் கோருங்கள். ஒவ்வொரு இரண்டு மூடிக்கும் இடையில் பழைய ரப்பர் செருப்பில் வெட்டிய ஒரு துண்டு. இப்போது வளைத்தால் மெத்தென்று வளையும். ரப்பரை எடுத்துவிட்டு வளைத்தால் மூடியும் மூடியும் இடித்துச் சத்தம் போடும். நம் முதுகிலும் எலும்புகளுக்கு நடுவே அப்படித்தான் மெத்தை இருக்கிறது. தண்ணீர்க் குடம் தூக்கி முதுகு வலிக்கிற அம்மாக்களும் இந்தப் பாடத்தில் உட்காரலாம்.

ஞாயிற்றுக்கிழமை கோழி எடுத்தால் இரண்டு கால் எலும்பைச் சுத்தமாகக் கழுவி வையுங்கள். ஒன்றை வினிகரில் போட்டு மூடுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு தரம் வினிகரை மாற்றுங்கள். ஐந்தாறு நாளில் அது ரப்பர் மாதிரி வளையும், சுண்ணாம்புச் சத்து கரைந்துபோனதால். இன்னொன்றைப் பெரியவர்கள் அடுப்புத் தணலில் வெள்ளையாகும்வரை சுட்டு ஆறவையுங்கள். விரலால் அழுத்தினாலே நொறுங்கும். இதில் சுண்ணாம்பு இருக்கிறது, அதைப் பிடித்து வைத்திருந்த நார்ச்சத்து எரிந்துவிட்டது. எலும்புக்கு இரண்டும் வேண்டும். இதைப் பார்த்த பிள்ளைக்குக் கேழ்வரகுக் கூழ் எதற்கு என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அரிசியில் மிகவும் குறைவு. வெயிலில் ஓடி விளையாடவும் விடுங்கள், கால்சியத்தை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் டி வேண்டும்.

இனி, நாம் கவனமாக இருக்க வேண்டிய பாடம். வேப்பமரத்தில் ஒரு பச்சைக் குச்சி, ஒரு காய்ந்த குச்சி எடுங்கள். காய்ந்தது 'படக்'கென்று இரண்டாகும். பச்சைக் குச்சி வளைந்து, ஒரு பக்கம் மட்டும் கிழியும். பிள்ளைகளின் எலும்பு பல நேரம் பச்சைக் குச்சி மாதிரிதான் முறிகிறது. வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. வீக்கம்கூடக் கொஞ்சமாகத்தான் இருக்கும். பிள்ளை அந்தக் கையை மட்டும் உபயோகிக்காமல் இருக்கும். நாம் "சுளுக்குதான்" என்று எண்ணெய் போட்டு நீவிவிடுகிறோம். அதைச் செய்யாதீர்கள்.

எலும்பின் முனைகளுக்குப் பக்கத்தில்தான் அது வளர்கிற இடம் இருக்கிறது. அங்கே அடிபட்டுச் சரியாகப் பார்க்காவிட்டால் கை கோணலாகவோ குட்டையாகவோ வளரலாம். பிள்ளை எலும்பு சீக்கிரம் கூடும், கோணலாக இருந்தாலும் அப்படியே சீக்கிரம் கூடிவிடும். அதனால் தாமதம் கூடாது. மடித்த செய்தித்தாளை அடியில் வைத்து, துப்பட்டாவால் தூளி மாதிரி கட்டி, அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுங்கள். பெரிய அடி என்றால் 108. நம் பக்கம் சாலையோரம் 'புத்தூர் கட்டு' பலகை நிறைய உண்டு, போகிறவர்களும் உண்டு. எங்கே கட்டினாலும் முதலில் எக்ஸ்ரே பாருங்கள். கட்டிய பிறகு விரல் நுனி நீலமாகவோ சில்லென்றோ ஆனால், மரத்துப்போனால், வலி கூடிக்கொண்டே போனால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கட்டு இறுக்கமாகி ரத்த ஓட்டம் நின்றால் கையே போய்விடும்.

இன்னொன்று. தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கும்போதும், பஸ் ஏறும்போதும் சின்னப் பிள்ளையை ஒரு கையைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கிறோம். ஐந்து வயதுக்குக் கீழே முழங்கை மூட்டு இன்னும் உறுதியாகவில்லை. அந்த ஒரு இழுப்பில் எலும்பு நழுவும். தூக்குவதென்றால் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்குங்கள். இதைப் பாட்டி தாத்தாவுக்கும் சொல்லுங்கள்.

குழுவாகப் போக வசதிப்பட்டால் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்குங்கள். 1851-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்தில் யானை எலும்புக்கூடும், 18 மீட்டருக்கு மேல் நீளமான திமிங்கில எலும்புக்கூடும் இருக்கின்றன. யானைக்கு முட்டி எங்கே, விலா எத்தனை என்று தேடச் சொல்லுங்கள். திமிங்கிலத்தின் துடுப்புக்குள்ளும் விரல் எலும்பு உண்டு, அதையும் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. ஒரு பெரியவருக்கு மூன்று பிள்ளைக்கு மேல் வேண்டாம், எழும்பூர் நெரிசல் உங்களுக்கே தெரியும்.