கதை பின்னும் முறை

பூனாகலைப் பகுதியில் மாணாக்கர் எழுதுங் கதைகள் பெரும்பாலும் முடிவை முதலிலே கூறிவிட்டு, ஒரு நீதியைச் சேர்த்து ஓய்கின்றன. குற்றம் அவர்மேலன்று. கண்ணப்பர் சரித்திரத்தையே, கண்ணை இடந்து அப்பினார் என்று தொடங்கிக் கற்பிக்கும் ஆசிரியர் பலர் உளர்.

சேக்கிழார் அவ்வாறு செய்திலர். திண்ணனார் இறைவன் முடிமேலிருந்த பூவைச் செருப்படியால் நீக்குகின்றார். சிவகோசரியார் ஊனும் எலும்புங் கண்டு, யார் செயலென்று அறியாது பதறுகின்றார், நாமோ அறிவோம். அவர் அறியாததை நாம் அறிந்திருத்தலே நம்மைக் கதையினுள் இழுக்கின்றது. ஐந்தாம் நாளிரவு கனவில் ஆணைபெற்று அவர் மறைந்து நிற்க, ஆறாம் நாள் திருக்கண்ணிற் குருதி பெருகுகின்றது. ஒரு கண்ணை இடந்தப்பிய திண்ணனார், மற்றதையும் இடந்தால் இடந் தெரியாதேயென்று, அடையாளமாக அடியை ஊன்றுகின்றார். முன்னர் அபசாரமாய்த் தோன்றிய அடி அதுவே! புலவர் அதனை முன்னரே கொணர்ந்து வைத்தமையை மாணாக்கர்க்குக் காட்டுக.

இனி நம்மூர்ச் செய்தி. 2014 அக்டோபர் 29ஆந் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. பாடசாலை சென்றிருந்த பிள்ளைகள் பலர் தப்பினர். இதனை எழுதப்புகுவோன் சரிவிலே தொடங்கின், புலம்பலன்றிக் கதை பிறவாது. முதனாள் மாலை சிறுமியொருத்தி சுவரில் வெடிப்பொன்று காண்க. கொழுந்துக்கூடையைச் செப்பஞ்செய்யும் தாய், அவள் சொல்லைச் செவிக்கொள்ளாதிருக்க. விடிந்ததும் புத்தகங்களை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வாரேன் அம்மா" என்று அவள் படியிறங்கட்டும். அவ்விடத்தில் மலையைப்பற்றி ஒரு சொல்லும் எழுதவிடாதீர்கள்.