பெட்டியின் பக்கவாட்டில் எழுது

தம்பிக்கு,

பீங்கான் தட்டுக்கு எத்தனை சுற்று பபுள் ஷீட் சுற்றவேண்டும் என்று கேட்டிருந்தாய். தட்டுக்கு பபுள் ஷீட்டே வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு செய்தித்தாள் போதும். ஆனால் பெட்டிக்குள் படுக்கவைத்து அடுக்காதே, விளிம்பில் நிற்கும்படி வை. படுக்கவைத்தால் மேலே இருக்கிற அத்தனை தட்டின் பாரமும் அடித்தட்டின் நடுவில் இறங்கும். லாரி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தால் அது இரண்டாகப் பிளந்துவிடும்.

இதையெல்லாம் எந்த மேஸ்திரியும் உனக்கு அரைநாளில் சொல்லிக்கொடுத்துவிடுவார். நான் சொல்ல நினைத்தது வேறு. வீடு மாறுகிறவர்களின் சாமான் கட்டுகிற வேலை உனக்கு சென்னை நந்தனத்தில். அங்கே இப்போது வீட்டைக் காலி செய்கிறவர்களில் நிறையப் பேர் திரும்பி வரப்போகிறவர்கள். லிஃப்ட் இல்லாத பழைய மூன்று மாடி ஃபிளாட்டை பில்டரிடம் கொடுத்து இடித்துக் கட்டுகிறார்கள். முன்பு நாலு பேர் சம்மதித்து ஒருவர் முரண்டு பிடித்தால் காரியம் வருடக்கணக்கில் நிற்கும். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தில், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் இடிக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். சம்மதிக்காத மீதிப் பேர் வீட்டுச் சாமானையும் நீதான் கட்டப்போகிறாய். அந்த வீட்டில் வாயைத் திறக்காமல் வேலையைப் பார்.

இப்படிப் போகிறவர்களுக்கு வாடகை வீடு பெரும்பாலும் சின்னது. முப்பது வருடச் சாமானில் பாதி அங்கே கட்டிலுக்கடியிலும் பரணிலும் பெட்டியோடு கிடக்கும். கட்டடம் முடிய இரண்டு வருடமோ மூன்றோ ஆகும். ஆகவே பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் வீட்டம்மாவோடு ஓர் அறை விடாமல் நட. ஒரே கேள்வி கேள்: இது இன்று ராத்திரி வேண்டுமா, இந்த மாதம் வேண்டுமா, புது வீட்டுக்குத்தானா? அந்த மூன்றாவது வகையில்தான் உன் தொழில் தெரியும். ஒருநாள் பயணத்துக்குக் கட்டுவதும் மூன்று மழைக்காலத்துக்குக் கட்டுவதும் ஒன்றாகாது.

பிரவுன் டேப்பை எடுத்துக்கொள். இன்று பல்லால் கடித்தாலும் விடாது. இரண்டு சித்திரை வெயில் பரணில் பட்டால் பசை காய்ந்து உரிந்து வரும். பெட்டியைத் தூக்கும்போது சாமான் உன் காலில் கிடக்கும். நாள்பட இருக்கப்போகிற பெட்டிக்கு அடியில் டேப் போட்ட பிறகு குறுக்கும் நெடுக்கும் கயிறும் கட்டு. பட்டுப்புடவையை பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி ஒட்டாதே, உள்ளே ஈரம் நின்றுவிடும். பழைய வேட்டித்துணியில் சுற்றி, கூடவே வசம்பு வை. பாச்சை உருண்டை ஜரிகைக்கு ஆகாது என்று வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள். தேக்கு அலமாரியில் பபுள் ஷீட்டை நேராகச் சுற்றினால் நம் ஊர் வெயிலுக்கு வார்னிஷில் வட்ட வட்டமாகத் தடம் விழும், முதலில் தாளைச் சுற்று. ஓடாமல் நிற்கப்போகிற ஃப்ரிட்ஜை நன்றாகத் துடைத்து, கதவு முழுக்க மூடாதபடி நடுவில் துணி வைத்துக் கட்டு. இல்லாவிட்டால் திறக்கிற அன்றைக்குப் பூசணம் பூத்திருக்கும். இன்வெர்ட்டர் பேட்டரியை வருடக்கணக்கில் சும்மா வைத்தால் செத்துப்போகும், விற்றுவிடச் சொல். இதைச் சொல்வது நம் வேலையா என்று கேட்காதே, நம் வேலைதான்.

அடுத்து கொலுப் பொம்மை. மயிலாப்பூர், நந்தனம் பக்கம் இதில் தேறிவிட்டால் மற்ற எதற்கும் பயப்படவேண்டாம். மண் பொம்மை உள்ளே வெறும் கூடு. கழுத்திலும் கையிலும் பிடித்துத் தூக்கினால் அந்த இடத்திலேயே உடையும், அடியில் கைகொடுத்துத்தான் எடுக்கவேண்டும். கட்டும்போது முகத்திலிருந்து தொடங்குவார்கள் புதுப் பையன்கள். நீ பள்ளத்திலிருந்து தொடங்கு. தாடைக்கும் மார்புக்கும் நடுவே, தூக்கிய கைக்கும் கிரீடத்துக்கும் நடுவே, புல்லாங்குழலுக்கும் உதட்டுக்கும் நடுவே மெல்லிய துணியைத் திணித்துச் சமமாக்கு. அப்புறம் மேலே சுற்றுகிற சுற்றின் இறுக்கம் மூக்கிலும் விரலிலும் விழாமல் உடம்பு முழுக்கப் பரவும். செய்தித்தாளை நேராகப் பெயின்ட்டின்மேல் சுற்றாதே. மை ஏறும், ஈரம் பட்டால் தாளே ஒட்டிக்கொள்ளும். கிழிந்த பருத்திப் புடவைதான் இதற்கென்றே பிறந்தது. காகிதக்கூழ் பொம்மை எடையில்லாதது, மேலே வை. தசாவதாரம், கல்யாண செட்டு மாதிரி வரிசைப் பொம்மைகளை இடம் கிடைத்தது என்று இரண்டு பெட்டியில் பிரிக்காதே. பாட்டிகள் பத்து அவதாரத்தையும் எண்ணித்தான் கொடுப்பார்கள், எண்ணித்தான் வாங்குவார்கள். மரப்பாச்சியைத் துணியோடு அப்படியே தனியாக வைத்துவிடு, அதற்கு ஒன்றும் ஆகாது.

இன்னொன்று: கொலுப் பெட்டி மூன்றாவது வகை என்று நினைத்துவிடாதே. புரட்டாசியோ ஐப்பசியோ நவராத்திரி வாடகை வீட்டிலும் வரும். பரணில் முன்வரிசையில் இருக்கவேண்டிய பெட்டி அது.

இங்கேதான் எழுதுவது வருகிறது. நம் தொழிலில் எத்தனை உடைந்தது, எவ்வளவு சீக்கிரம் முடித்தான் என்று பார்ப்பார்கள். நான் பெட்டிமேல் என்ன எழுதியிருக்கிறான் என்று பார்ப்பேன். ‘கிச்சன் 3’ என்று எழுதுகிறவனை என் குழுவில் வைத்துக்கொள்வதில்லை. மூன்றில் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு உனக்குத் தெரியும், இரண்டு வருடம் கழித்து யாருக்குத் தெரியும்? ‘இட்லிக் கொப்பரை, பெரிய அண்டா, விசேஷத்துக்கு மட்டும்’ என்று எழுது. மேலே எழுதாதே, அதன்மேல் இன்னொரு பெட்டி உட்கார்ந்துவிடும். பக்கவாட்டில், இரண்டு பக்கம், பெரிதாக எழுது. எந்த மொழியில் என்பதை, வீட்டில் யாருக்கு எது வசதி என்று கேட்டுக்கொண்டு எழுது. திறக்கப்போவது கட்டியபோது நின்ற ஆளாகவே இருக்கும் என்று நிச்சயமில்லை. வெளிநாட்டிலிருந்து பத்துநாள் லீவில் வந்த மகள் திறக்கலாம். எவர்சில்வர் தூக்கில் பொறித்த பேரும் தேதியும் அவளுக்கு ஒரு கதை சொல்லும். எந்தப் பெட்டியில் தூக்கு என்பதை நீதான் சொல்லவேண்டும்.

புத்தகத்துக்கு அதிகம் சொல்ல இல்லை. ஒன்றரை அடிப் பெட்டியில் நிரப்பினால் ஐம்பது கிலோவைத் தாண்டும். ஓரடிப் பெட்டியே போதும். ஒய்.எம்.சி.ஏ. மைதானம் பக்கத்தில் இருக்கிற பேட்டை இது, தை மாதம் போகிற வீட்டில் அங்கே நடக்கிற புத்தகக் காட்சியில் வாங்கியது பையோடு அப்படியே இருக்கும். பிரித்துப் பார்த்துக்கொண்டு நிற்காதே.

வண்டி விஷயம். பகலில் பெரிய லாரி நகருக்குள் வருவதற்குக் கட்டுப்பாடு உண்டு. போதாக்குறைக்கு தேனாம்பேட்டை – சைதாப்பேட்டை இடையே அண்ணா சாலையில் 3.2 கி.மீ. மேம்பால வேலையை 2024-ல் தொடங்கினார்கள், கீழே மெட்ரோ சுரங்கம் ஓடுகிற அதே சாலையில். அங்கே வண்டியை நிறுத்தி ஏற்ற நினைக்காதே. உள்தெருவுக்குக் குட்டி யானை வண்டியே சரி, இரண்டு நடை அடித்தாலும் பரவாயில்லை. முதல்நாளே போய்ப் படிக்கட்டுத் திருப்பத்தை நாடா வைத்து அளந்துவிட்டு வா. பீரோ திரும்பாத படிக்கட்டு அங்கே நிறைய. பால்கனி வழியாகக் கயிற்றில் இறக்க ஆள் தனியாக வேண்டும்.

ஆடியிலும் மார்கழியிலும் உனக்கு வேலை இருக்காது. தையிலும் ஆவணியிலும் ஒரே நாளில் மூன்று வீடு கூப்பிடும். ஒன்றுக்கு மேல் ஒப்புக்கொள்ளாதே. போகிற வீட்டில் பால் காய்ச்சுகிற பாத்திரம், குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள், தீப்பெட்டி எல்லாம் வீட்டுக்காரர் கையோடு போகவேண்டியவை. வண்டியில் ஏற்றிவிட்டு, அங்கே நல்ல நேரம் போய்க்கொண்டிருக்க நீ பெட்டி பெட்டியாகத் தேடக்கூடாது. சாமி படத்தை அவர்கள் எடுத்துக்கொடுக்கிற வரை தொடாதே. கேஸ் சிலிண்டரை சாமானோடு சேர்த்து ஏற்றாதே, ஏஜென்சியில் பேசச் சொல்.

திங்கட்கிழமை லோட்டஸ் காலனியில் வேலை. ராகுகாலம் ஏழரைக்குத் தொடங்குகிறது. அதற்குள் முதல் சாமான் வாசற்படி தாண்டவேண்டும் என்று அந்த அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஆறு மணிக்கு வந்துவிடு. மார்க்கர் பேனா இரண்டாகக் கொண்டுவா, ஒன்று எப்படியும் பாதியில் காய்ந்துவிடும்.

அன்புடன்,
உன் அண்ணன்