நாணயத்தின் பதிவேடு

நுழையும்முன்

ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் வாங்கும் மிகப்பெரிய கடன் பெரும்பாலும் வீட்டுக் கடனாகவே இருக்கிறது. அக்கடன் கிடைக்குமா, என்ன வட்டிக்குக் கிடைக்கும் என்பவற்றை முடிவு செய்வதில் விண்ணப்பிப்பவரின் பழைய கடன் வரலாற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. அவ்வரலாறு எங்கே எழுதப்படுகிறது, விண்ணப்பிக்கும் முன்பே அதனைச் சீர்செய்துகொள்வது எவ்வாறு என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

தமிழில் 'நாணயம்' என்னும் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். ஒருவரை 'நாணயமானவர்' என்று ஊரார் சொன்னால், வாங்கியதைச் சொன்ன நாளில் திருப்பித் தருபவர் என்பது அதன் பொருள். கைமாற்றாகப் பணம் கொடுத்தவரும், கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு மளிகைப் பொருள் கொடுத்தவரும் அந்த ஒரு சொல்லை நம்பியே கொடுத்தனர். அங்கே கொடுப்பவர் வாங்குபவரை அறிவார். அவருடைய தந்தையையும் அறிவார். ஆனால், நகரத்து வங்கி ஒன்றில் மேலாளரின் எதிரே வந்து அமர்பவர் அவருக்கு முன்பின் அறிமுகமில்லாதவர். அவர் கேட்பதோ இருபத்தைந்து லட்சம் ரூபாய். அவரைப் பற்றி யாரிடம் விசாரிப்பது?

இவ்வினாவிற்கு விடையாக எழுந்தவையே கடன் தகவல் நிறுவனங்கள். இந்தியாவில் அவற்றுள் முதலாவதான சிபில் 2000ஆம் ஆண்டில் தோன்றியது. 2005ஆம் ஆண்டில் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹை மார்க் என நான்கு நிறுவனங்கள் இந்திய ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில் இயங்குகின்றன. முதலில் தோன்றியதன் பெயரே மக்கள் நாவில் நிலைத்துவிட்டதால், எந்த நிறுவனம் அளித்த மதிப்பெண்ணையும் 'சிபில் ஸ்கோர்' என்றே அழைக்கிறோம்.

பதிவேட்டில் இருப்பதும் இல்லாததும்

வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தம்மிடம் கடன் பெற்ற ஒவ்வொருவரைப் பற்றிய விவரத்தையும் இந்நிறுவனங்களுக்குக் குறித்த கால இடைவெளியில் அனுப்புகின்றன. கடன் அறிக்கை ஒன்றைத் திறந்து பார்த்தால், ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதங்கள் வரிசையாக நிற்பதையும், ஒவ்வொரு மாதத்திற்கும் ஒரு சிறு குறிப்பு இருப்பதையும் காணலாம். தவணை உரிய நாளுக்குள் செலுத்தப்பட்டிருந்தால் சுழியம் இருக்கும்; தவறியிருந்தால், எத்தனை நாள் தாமதம் என்னும் எண் இருக்கும். கடந்த மூன்றாண்டுகளின் நடத்தையை ஒரே பார்வையில் படித்துவிடலாம். இவ்விவரங்களைக் கொண்டு 300 முதல் 900 வரையிலான ஒரு மதிப்பெண் கணக்கிடப்படுகிறது. 750க்கு மேற்பட்டதை நல்ல மதிப்பெண்ணாகக் கருதுவது வழக்கம்.

நகைக்கடன், இருசக்கர வாகனக் கடன், கல்விக் கடன், கடன் அட்டை, கைப்பேசியைத் தவணையில் வாங்கியபோது நிதி நிறுவனம் அளித்த கடன் ஆகியவையெல்லாம் இப்பதிவேட்டில் இடம்பெறும். தெருமுனை அடகுக்கடையில் மீட்ட நகையும், மளிகைக்கடைக்குத் தீர்த்த பாக்கியும், மாதந்தோறும் தவறாமல் கொடுத்த வீட்டு வாடகையும் பொதுவாக இடம்பெறுவதில்லை. இருபது ஆண்டுகளாக ஒரு மாதமும் தவறாமல் தெருச் சீட்டுக் கட்டிவரும் தாய் ஒருவரின் நாணயத்திற்கு இங்கே ஒரு வரியும் கிடையாது. இது இம்முறையின் குறை என்றே சொல்ல வேண்டும். கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்தால், முதன்முறை கடன் கேட்பவரின் விண்ணப்பத்தை மறுக்கலாகாது என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருப்பது இவ்விடத்தில் ஆறுதல் தருகிறது.

அரை விழுக்காட்டின் விலை

மதிப்பெண் குறைந்தால் கடன் மறுக்கப்படும் என்பதை மட்டுமே பலர் அறிந்திருக்கின்றனர். மறுக்கப்படாமல், கூடுதல் வட்டிக்குக் கிடைப்பதும் உண்டு. 25 லட்சம் ரூபாயை 20 ஆண்டுகளில் அடைக்கும் வீட்டுக் கடனை எடுத்துக்கொள்வோம். வட்டி 8.5 விழுக்காடு எனில் மாதத் தவணை ஏறத்தாழ 21,700 ரூபாய். 9 விழுக்காடு எனில் ஏறத்தாழ 22,500 ரூபாய். மாதத்திற்கு எண்ணூறு ரூபாய் வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். அதனை 240 மாதங்களால் பெருக்கினால் ஒரு லட்சத்து தொண்ணூறாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது.

2019 அக்டோபர் முதல் வங்கிகள் அளிக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ விகிதம் போன்ற வெளி அளவுகோல் ஒன்றோடு இணைக்கப்பட்டுள்ளன. அந்த அளவுகோல் ஏறும், இறங்கும். அது நம் கையில் இல்லை. அதன்மேல் வங்கி சேர்க்கும் கூடுதல் விழுக்காட்டில், கடன் பெறுபவரின் பதிவேட்டைப் பார்த்து முடிவு செய்யப்படும் ஒரு பகுதி அடங்கியிருக்கிறது. கடன் பெற்றபின் அப்பகுதி எளிதில் மாறுவதில்லை. எனவே, வீடு வாங்க எண்ணுவோர் குறைந்தது ஓராண்டுக்கு முன்பே தம் பதிவேட்டைக் கவனிக்கத் தொடங்குவது நல்லது.

சீர்செய்யும் வழிகள்

தவணைகளை உரிய நாளில் செலுத்துவதே எல்லாவற்றிலும் எடை மிகுந்தது. ஊதியம் வரவாகும் கணக்கிலிருந்து தவணை தானாகவே பற்றாகுமாறு செய்துவிட்டால் மறதிக்கு இடமில்லை. கடன் அட்டையில் ஒரு லட்சம் வரை செலவழிக்கலாம் என்றால், முப்பதாயிரத்தைத் தாண்டாமல் பயன்படுத்துவது நன்று. எல்லையை ஒட்டியே செலவழிப்பவர் பணமுடையில் இருப்பவராகக் கருதப்படுவார். அட்டையில் 'குறைந்தபட்சத் தொகை' ஒன்றை மட்டும் செலுத்திவரும் பழக்கம் வேறு வகையில் தீங்கானது. எஞ்சிய தொகைக்குப் பல அட்டைகள் ஆண்டுக்கு 36 விழுக்காட்டுக்கும் மேலாக வட்டி விதிக்கின்றன. ஒரே மாதத்தில் ஐந்தாறு வங்கிகளில் விண்ணப்பிப்பதும் மதிப்பெண்ணைக் குறைக்கும். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது, இவ்வச்சம் வீணானது.

பலரை வீழ்த்தும் பள்ளம் ஒன்று உண்டு. ஐம்பதாயிரம் ரூபாய் நிலுவை வைத்தவரிடம், முப்பதாயிரம் கட்டினால் கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்று கடன் கொடுத்தவர் சொல்வார். வாங்கியவரும் மகிழ்ச்சியோடு கட்டிவிடுவார். ஆனால், பதிவேட்டில் அக்கடன் 'முழுமையாக அடைக்கப்பட்டது' என்று குறிக்கப்படாது. 'ஒப்பந்தத்தில் தீர்க்கப்பட்டது' என்றே குறிக்கப்படும். பல ஆண்டுகள் கழித்து வீட்டுக் கடன் கேட்கும்போது, புதிய வங்கி அச்சொல்லை 'முழுப் பணமும் வரவில்லை' என்று படிக்கும். இயலுமாயின் எஞ்சிய தொகையையும் செலுத்தி, நிலுவையில்லாச் சான்று பெற்று, பதிவைத் திருத்தும்படி எழுத்தில் கேட்பதே இதற்கு வழி.

பிணை நிற்பவர்களும் விழிப்போடு இருக்க வேண்டும். நண்பருக்காக ஜாமீன் கையெழுத்திட்டவரின் பதிவேட்டிலும் அக்கடன் ஏறும். நண்பர் தவறும்போது கையெழுத்திட்டவரின் வீட்டுக் கனவும் சேர்ந்து தள்ளிப்போகும்.

பிழை நம்முடையதாக இல்லாதபோது

தமிழ்நாட்டினர்க்கு உரிய இடர்ப்பாடு ஒன்றையும் இங்குச் சொல்ல வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னெழுத்தாக நிற்கிறது. பள்ளிச் சான்றிதழில் முன்னெழுத்தாக இருப்பது வருமானவரி நிரந்தரக் கணக்கு எண் அட்டையில் தந்தையின் முழுப் பெயராக விரியும். வங்கிக் கணக்கில் பெயரின் பின்னே போய் நிற்கும். முருகன், செல்வி போன்ற பெயர்களோ ஊருக்கு நூறு பேர்க்கு உண்டு. இத்தகைய சூழலில் ஒருவரின் கடன் மற்றொருவரின் பதிவேட்டில் ஏறிவிட இடமுண்டு. அடைத்துமுடித்த கடன் இன்னும் நிலுவையில் இருப்பதாகக் காட்டப்படுவதும் உண்டு.

2017 முதல் ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையைக் கட்டணமின்றி அளிக்க வேண்டும். அதில் பிழை கண்டால் அந்நிறுவனத்திடமோ கடன் கொடுத்த வங்கியிடமோ முறையிடலாம். 30 நாள்களுக்குள் முறையீடு தீர்க்கப்படாவிட்டால், அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதி. அப்போதும் நீதி கிடைக்காதோர் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். ஒரே வாரத்தில் மதிப்பெண்ணை உயர்த்தித் தருவதாகப் பணம் கேட்கும் இடைத்தரகர்களிடம் ஏமாற வேண்டா. பிழையான பதிவை நாமே செலவின்றித் திருத்தலாம்; உண்மையான பதிவை எவராலும் பணம் வாங்கிக்கொண்டு அழிக்க இயலாது.

மாணவர்க்கு இதில் என்ன?

பதினோராம் வகுப்பில் இருப்போர்க்கு வீட்டுக் கடன் தொலைவில் உள்ள செய்தியாகத் தோன்றலாம். ஆனால், உங்களுள் பலர் இன்னும் ஈராண்டில் கல்விக் கடன் விண்ணப்பத்தில் கையெழுத்திடக்கூடும். பலருக்குப் பதிவேட்டின் முதல் வரி அதுவாகவே அமையும். கல்விக் கடனில் மாணவரோடு பெற்றோரும் கூட்டுக் கடனாளியாகச் சேர்வது வழக்கம். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் பொதுவாகத் தவணையில்லாக் காலமாகும். அந்த ஓராண்டு முடியும் நாளை மறந்துவிட்டு, வேலை தேடி வேற்றூர் சென்றுவிட்டால், வங்கியின் கடிதங்கள் பழைய முகவரிக்கே வந்துகொண்டிருக்கும். தவறிய ஒவ்வொரு தவணையும் மாணவர் பெயரிலும் தந்தை அல்லது தாய் பெயரிலும் ஒருசேரப் பதிவாகும். வேலை கிடைக்கத் தாமதமானால், தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்கு நேரில் சென்று நிலையை எடுத்துரைத்துத் தவணைக் காலத்தை மாற்றியமைக்கக் கேட்கலாம். முகவரியோ கைப்பேசி எண்ணோ மாறும்போது வங்கிக்கு எழுத்தில் தெரிவித்து, ஒப்புகைச் சீட்டைப் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் துணையோடு, குடும்பத்தினர் ஒருவரின் பெயர் வெவ்வேறு அடையாள ஆவணங்களில் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பதை ஒப்பிட்டு, வேறுபாடுகளைக் குறித்து வருக.

2. நண்பரின் கடனுக்குப் பிணை நிற்கலாமா என்பது குறித்து வகுப்பறையில் இரு அணிகளாகப் பிரிந்து உரையாடுக.