நிரலெழுதாமற் செயலி ஆக்கும் கலை

ஒரு கலை தொடக்கத்திற் சிலர் கையில் இருந்து, பின்னர் அதன் பயனை வேண்டுவோர் எல்லாருக்கும் உரியதாதல் உலகியல்பு. எழுத்தும் அச்சும் அவ்வாறே பரவின. கணினிக்கும் கைப்பேசிக்கும் செயலி ஆக்கும் கலையும் இன்று அவ்வழியே செல்கின்றது. படிவங்களையும் பொத்தான்களையும் திரையில் எடுத்து வைத்து, இன்னது நிகழின் இன்னது செய்க என விதியமைத்து, நிரல் ஒருவரியும் எழுதாது செயலி ஆக்கும் கருவிகள் இப்போது உள. இவற்றை நிரலில்லாக் கருவிகள் என்பர். இடையிடையே சிறிது நிரல் வேண்டுவனவற்றைக் குறைநிரற் கருவிகள் என்பர். ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயத்திலிருந்து வந்து கற்கும் மாணவர் இக்கலையை எம்முறையிற் பயிலல் வேண்டும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இதன் வரலாறு புதியதன்று. ஹார்வர்ட் வணிகப் பள்ளி மாணவராயிருந்த டான் பிரிக்லின், கரும்பலகையில் ஓரெண்ணை மாற்றியதும் அதனைச் சார்ந்த எண்களையெல்லாம் அழித்தெழுத நேர்வதைக் கண்டார். அவரும் பாப் பிராங்ஸ்டனும் 1979 ஆம் ஆண்டில் விசிகல்க் என்னும் கணக்கு விரிதாளை வெளியிட்டனர். நிரலறியாத கணக்கர் கணினியைத் தம் விருப்பப்படி இயக்கத் தொடங்கியது அதன் பின்னரே. 2006 இல் தமிழ்நாட்டுச் சோகோ நிறுவனத்தின் கிரியேட்டரும், 2010 இல் மாணவர்க்கேற்ற அப் இன்வென்டரும் தோன்றின.

நம் நாட்டிலேயே சிறந்த சான்றொன்று உண்டு. 2020 ஜனவரி 27 ஆந் திகதி இலங்கையில் முதற் கொவிட் நோயாளி கண்டறியப்பட்டார். அந்நாள்களில், வெளிநாட்டிலிருந்து வருவோரைப் பதிவுசெய்து தொடர்ந்து கண்காணிக்கும் முறையொன்றைச் சுகாதார அமைச்சும் ஹிஸ்ப் சிறீலங்கா குழுவினரும் விரைவில் உருவாக்கினர். ஒஸ்லோப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு வளர்ந்த டி.எச்.ஐ.எஸ். 2 என்னும் மேடையில், வேண்டிய வினாக்களையும் விதிகளையும் அமைத்தே அதனை ஆக்கினர். அப்பணியில் மருத்துவத்தோடு தகவலியலும் பயின்ற வைத்தியர்கள் முன்னின்றனர். மேடை இடந்தராத பகுதிகளுக்கு நிரலெழுத வல்ல தன்னார்வலர் துணைபுரிந்தனர். பிறநாடுகள் பலவும் அம்முறையைப் பின்பற்றின. தொழிலை உள்ளபடி அறிந்தவர் கையிற் கருவி சேரின் காரியம் விரைந்து முடியும் என்பதற்கு இது போதிய சான்றாகும்.

நம் மலைநாட்டு மாணவர் உள்ளபடி அறிந்த தொழில் யாது? கொழுந்துக் கணக்கேயன்றோ! அதனையே பாடமாகக் கொள்வோம்.

முதற்படி, கருவியைத் தொடாது தாளில் எழுதுதல். எவற்றைப் பதிதல் வேண்டும்? தொழிலாளியின் பெயர், திகதி, மலையின் இலக்கம், நிறுவை ஆகியன. ஒரு தோட்டத்தில் லெட்சுமிகள் பலர் இருப்பர். ஆதலின் பெயரோடு செக்ரோல் இலக்கமும் வேண்டும். தொழிலாளர்க்கு ஓர் அட்டவணையும் நிறுவைக்கு வேறோர் அட்டவணையும் அமைத்து, இலக்கத்தால் இரண்டையும் இணைத்தல் வேண்டும். இவ்விணைப்பை விளங்கிக்கொண்டவர் இக்கலையிற் பாதியைக் கற்றவராவர்.

இரண்டாம் படி, மறைவதற்கு இடங்கொடாமை. நிறுக்கும்போது சாக்கின் எடைக்கும் ஈரத்துக்கும் கழிவு வைத்தல் வழக்கம். செயலியில் தேறிய எடை மட்டும் பதியப்படின், கழித்தது எவ்வளவு என்பது எவருக்கும் தெரியாது போகும். ஆதலின் மொத்த எடை, கழிவு, தேறிய எடை என மூன்று நிரல்கள் வேண்டும். அட்டவணையை அமைப்பவரே எது நினைவில் நிற்கும், எது மறையும் என்பதைத் தீர்மானிக்கின்றார்.

மூன்றாம் படி, விதியமைத்தல். முழுப்பேருக்குரிய அளவு 18 கிலோ எனப் பாடத்திற்காகக் கொள்வோம். ஒரு தாய் காலையில் 6.5, நண்பகலில் 7, மாலையில் 7.5 கிலோ நிறுக்கின்றாள், மொத்தம் 21. ஒவ்வொரு முறையும் ஒரு கிலோ கழிவு போகத் தேறுவது 18. விதியில் “18 அல்லது அதற்கு மேல்” என்றிருப்பின் அவளுக்கு முழுப்பேர். “18 இற்கு மேல்” என்று மட்டும் இருப்பின் அரைப்பேர். ஒரு சொல் விடுபட்டமையால் அவளுடைய ஒருநாள் உழைப்பிற் பாதி போய்விடுகின்றது. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபா என வர்த்தமானியில் வெளிவந்தபின், எத்தனை கிலோவுக்கு அச்சம்பளம் என்ற பிணக்குப் பல தோட்டங்களில் எழுந்ததை அறிந்தோர் இப்பிழையைச் சிறிதென எண்ணார். நிரல் எழுதாதிருக்கலாம், சிந்தியாதிருத்தல் இயலாது.

நான்காம் படி, சோதித்தல். 17.9, 18, 18.1 என எல்லையை ஒட்டிய எண்களை இட்டுப் பார்த்தல் வேண்டும். ஒரு திங்களேனும் கைக்கணக்கோடு ஒப்பிட்டபின்னரே செயலியை நம்புதல் தகும். மலைமுகட்டிற் கைப்பேசித் தொடர்பு அற்றுப்போம். அப்போதும் பதிவு அழியாது நிற்கின்றதா எனவும் காணல் வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள் உள. பிறர் மேடையிற் கட்டிய வீடு அவர் விருப்பம் உள்ளவரையே நிற்கும். கூகிள் நிறுவனம் தன் அப் மேக்கர் கருவியை 2021 ஜனவரியில் மூடியபோது, அதிலமைந்த செயலிகளும் நின்றன. ஆதலின் கணக்கின் படியொன்றைத் தனியே எடுத்து வைத்தல் வேண்டும். மேலும், பிறர் பெயரும் ஊதியமும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள்களாம். தனிப்பட்ட தரவுகளைக் காத்தற்கென 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டதை மாணவர் மறத்தலாகாது.

பழைய மாணவர்களுள் கணக்கரும் ஆசிரியரும் வைத்தியரும் பலர் உளர். விழா நிகழும் இவ்வாண்டில், அவர் திங்களுக்கொரு சனிக்கிழமை கல்லூரிக்கு வந்து, தத்தம் தொழிற்கணக்கொன்றை மாணவர்முன் விரித்துவைப்பாராயின், கருவியை மாணவர் தாமே பயின்றுகொள்வர். மலையிலிருந்து இறங்கிவரும் தாயொருத்தி, அன்றைய மூன்று நிறுவைகளையும் கழிவையும் தன் பிள்ளை ஆக்கிய செயலியில் தமிழிற் கண்டு, தானே கூட்டிச் சரிபார்க்கும் நாள் வருதல் வேண்டும். அதற்கு வேண்டிய கல்வி நம் கைக்கெட்டும் தூரத்திலேயே உள்ளது.