தக்காளிக் கூண்டு: வாங்கும்போதும் நிறுத்தும்போதும்

தக்காளியின் தண்டுக்குத் தானாக நிமிர்ந்து நிற்கும் வலு கிடையாது. விட்டால் தரையில் படரும். மண்ணைத் தொட்ட இடங்களில் வேர்விட்டு மேலும் பரவும். செடிக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை, நஷ்டமெல்லாம் காய்க்குத்தான். ஈர மண்ணில் கிடக்கும் காய் தொட்ட பக்கத்திலிருந்து அழுகும். மழைத்துளி மண்ணில் விழுந்து தெறிக்கும்போது இலைக்கருகல் நோயின் பூசண வித்துகள் அடியிலைகளில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறும். செடியைத் தூக்கி நிறுத்தினால் இந்த இரண்டு தொல்லைகளும் பெருமளவு குறையும்.

ஓசூர், ராயக்கோட்டைப் பக்கத்து வயல்களில் வரிசை நெடுகக் கம்பம் நட்டு, கம்பி இழுத்து, சணலில் செடியைக் கட்டி ஏற்றுகிறார்கள். நாலைந்து செடி வைத்திருக்கும் வீட்டுக்கு அது அதிகப்படியான ஏற்பாடு. ஒற்றைக் குச்சி நட்டுக் கட்டலாம். ஆனால் வளர வளர வாராவாரம் கட்டுப் போட வேண்டும், பக்கக் கிளைகளையும் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிக் கிள்ளிய செடியில் இலை குறைந்து, காய் நேர் வெயிலில் வெந்து வெளிறிப்போவதும் உண்டு. கூண்டுக்குள் வளரும் செடி நாலா பக்கமும் சாய்ந்துகொள்ளும். கிளைகளை விட்டுவைக்கலாம், அவற்றின் இலைகளே காய்க்கு நிழல். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் தோட்டத்தை எட்டிப் பார்க்க முடிகிறவர்களுக்குக் கூண்டுதான் தோது.

எந்த உயரத்தில் கூண்டு வேண்டும் என்பதை ரகம் முடிவு செய்கிறது. தக்காளியில் குட்டை வளர்ச்சி ரகங்கள் ஓரளவு உயர்ந்ததும் நுனியில் பூவெடுத்து நின்றுவிடும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 அந்த வகை. அதற்கு 3 அடிக் கூண்டு தாராளம். பூசா ரூபி போன்ற தொடர் வளர்ச்சி ரகங்களும், செர்ரி தக்காளியில் பெரும்பாலானவையும் சாகும்வரை நீண்டுகொண்டே போகும், 6 அடியையும் தாண்டும். இவற்றுக்கு 5 அடியாவது வேண்டும். அதற்குமேல் வளரும் நுனியை வெளிப்பக்கமாகத் தொங்கவிட்டால் போதும், அதுவும் காய்க்கும். பெங்களூரு ஐ.ஐ.எச்.ஆர். நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் இரண்டுக்கும் இடைப்பட்டது. ஆனால் காய்ப்பு கனம் என்பதால் உயரத்தைவிடக் கம்பியின் பருமனைத்தான் அதற்குக் கவனிக்க வேண்டும்.

கடைகளிலும் இணையத்திலும் தக்காளிக் கூண்டு என்று விற்பவற்றில் பெரும்பாலானவை கூம்பு வடிவம்: அடியில் குறுகல், மேலே அகலம், மூன்று வளையம், மூன்று கால். அடுக்கி வைக்கவும் அனுப்பவும் வசதி என்பதைத் தவிர இந்த வடிவத்துக்கு வேறு நியாயம் இருப்பதாகத் தெரியவில்லை. காய்ப் பாரம் மேலே சேரச் சேர, குறுகிய அடி அதைத் தாங்காமல் கூண்டு செடியோடு சாயும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் இவை நன்றாகவே பயன்படும். தக்காளிக்கு மேலும் கீழும் ஒரே அகலமுள்ள உருளையோ சதுரமோ நல்லது, குறுக்களவு ஒன்றரை அடிக்குக் குறையாமல்.

கம்பியின் பருமனைக் கடையில் கேஜ் கணக்கில் சொல்வார்கள். எண் கூடினால் கம்பி மெலியும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் ஏமாற வேண்டியதில்லை. 8 கேஜ் சுமார் 4 மில்லிமீட்டர், 10 கேஜ் மூன்றேகால், 14 கேஜ் 2 மில்லிமீட்டர். பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் வளையாமல் நிற்கும் திறன் பருமனின் நான்காம் மடங்கில் கூடுகிறது. 2 மில்லிமீட்டர் கம்பியைவிட 4 மில்லிமீட்டர் கம்பி 16 மடங்கு விறைப்பு. வீட்டுத் தக்காளிக்கு 10 கேஜ் போதும். 14 கேஜ் கூண்டை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பார்த்தால் கடையிலேயே கோணிக்கொள்ளும், அங்கேயே வைத்துவிட்டு வரலாம். வளையமும் காலும் சேரும் ஒவ்வொரு புள்ளியிலும் வெல்டிங் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதும் நல்லது. பெயருக்கு ஒரு பொட்டு வைத்த கூண்டு, காய்ப்புக் காலத்தில் சரியாக அந்த இடத்தில்தான் விட்டுப்போகும். பச்சைப் பிளாஸ்டிக் உறை அழகுதான்; உறை கீறிய இடத்தில் நீர் புகுந்து உள்ளே இரும்பு துருப்பிடிப்பது வெளியே தெரியாது. துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. கம்பி இதைவிட நம்பகமானது.

நல்ல கூண்டு கடையில் அமையாவிட்டால் ஹார்டுவேர் கடையில் வெல்டு மெஷ் வாங்கி வீட்டிலேயே செய்துகொள்ளலாம். இதில் கண் அளவு முக்கியம். கோழி வலையும் 1 அங்குல மெஷ்ஷும் உதவாது. கை உள்ளே போகாது, பிஞ்சாக இருந்தபோது கண்ணுக்குள் நுழைந்த காய் அங்கேயே பருத்து, கம்பி பதிந்து, அறுத்தெடுத்தால்தான் வெளியே வரும். 4 அங்குலக் கண் வேண்டும். 6 அங்குலம் கிடைத்தால் இன்னும் வசதி, பெரிய காயைப் பிடித்த கை தடையில்லாமல் வெளியே வரும்.

4 அங்குல மெஷ்ஷில் 15 கண் நீளம் எடுத்தால் சுற்றளவு 5 அடி, குறுக்களவு ஏறக்குறைய 19 அங்குலம். சுருளைப் பிரிக்கும்போது அது விசையோடு திரும்பச் சுருட்டிக்கொள்ளும். இரண்டு முனையிலும் செங்கல் ஏற்றிவிட்டுத்தான் கட்டிங் பிளேயரைக் கையில் எடுக்க வேண்டும். 15 கண்களை எண்ணிய பிறகு அந்த இடத்திலேயே வெட்டாமல், 16ஆவது கண்ணின் கடைசியில், அடுத்த நெட்டுக் கம்பியை ஒட்டி வெட்டினால் 4 அங்குல வால்கள் வரிசையாக மிஞ்சும். உருளையாக வளைத்து அந்த வால்களை முதல் நெட்டுக் கம்பியில் சுற்றி மடக்கிவிட்டால் தனியாகக் கட்டுக்கம்பி வேண்டாம். பிரித்து எடுத்து வைக்கவும் சுலபம். வெட்டிய முனைகள் பிளேடு மாதிரி இருக்கும் என்பதால் கையுறையும் அரமும் அருகில் இருக்கட்டும்.

இவ்வளவும் செய்து நிறுத்திய கூண்டு விழுகிறதென்றால், பெரும்பாலும் காரணம் கம்பி அல்ல, கால் ஊன்றிய இடம். மொட்டைமாடியில் இது இன்னும் உண்மை. செடிப்பையில் நிரப்புவது தேங்காய் நார்க்கழிவும் தொழு உரமும் கொஞ்சம் செம்மண்ணும் கலந்த இலேசான கலவை. அதில் ஓரடி ஆழத்துக்குக் காலைச் செருகினாலும் பிடிமானம் இருக்காது. மழையில் நனைந்து இலையெல்லாம் கனத்து, மேலே காயும் தொங்கும் நேரத்தில் ஒரு காற்று வந்தால், கால் கலவையைக் கிளறிக்கொண்டு, வேரையும் அறுத்துக்கொண்டு வெளியே வரும்.

எனவே மாடியில் கூண்டைப் பைக்குள் செருகாமல், பையைக் கூண்டுக்குள் வைப்பது நல்ல உபாயம். 15 அங்குலப் பை 19 அங்குலக் கூண்டுக்குள் தாராளமாக அமரும். நைலான் கயிறு இரண்டைத் தரையில் பெருக்கல் குறியாகப் போட்டு, அதன்மேல் பையை வைத்துக் கலவை நிரப்பி, கூண்டை மேலிருந்து இறக்கி, நான்கு கயிற்று முனைகளையும் கூண்டின் அடிக்கம்பியில் இறுக்கிக் கட்ட வேண்டும். நனைந்த பை 25, 30 கிலோ இருக்கும். கூண்டு சாய வேண்டுமானால் அந்தப் பாரத்தையே தூக்கியாக வேண்டும். பைக்குள் செருகாததால் கூண்டு பையின் உயரத்தையும் சேர்த்து இருக்க வேண்டும் என்பதை மட்டும் வாங்கும்போதே கணக்கில் கொள்ள வேண்டும். அடியில் கம்பி முனைகள் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு கீறிவிட்டால் தக்காளியைவிடப் பெரிய செலவு வரும். இரண்டு மூன்று கூண்டுகளை அருகருகே வைத்து ஒன்றோடொன்று பிணைத்தால் இன்னும் உறுதி. கைப்பிடிச் சுவரோரம் வைப்பவர்கள் சுவரில் ஒரு கொக்கி அடித்துக் கூண்டின் மேல் வளையத்தை அதில் கட்டிவிடலாம்.

தரையில் நடும்போது வேலை எளிது. அடியிலுள்ள கிடைக்கம்பியை வெட்டி எடுத்துவிட்டால் நெட்டுக் கம்பிகள் 4 அங்குல முட்களாக நின்று மண்ணில் இறங்கும். கூடவே 8 மில்லிமீட்டர் டி.எம்.டி. கம்பித் துண்டு ஒன்றை ஒன்றரை அடி ஆழத்துக்கு அடித்துக் கூண்டோடு கட்ட வேண்டும். கட்டடம் கட்டிய வீட்டில் இந்தத் துண்டுகள் கிடக்காமல் இருக்காது. காற்று வரும் பக்கத்தில் அடிப்பது சரி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று அடிக்கும் கோவை, உடுமலைப் பகுதிகளில் அது மேற்குப் பக்கம். கார்த்திகை மழையில் நனையும் கடலோர ஊர்களில் வடகிழக்கு.

சவுக்குக் குச்சி நாலை நட்டு, கயிற்றால் மூன்று சுற்றுக் கட்டினாலும் கூண்டுதான், ஒரு பருவத்துக்கு உழைக்கும். மண்ணுக்குள் இருக்கும் பகுதியைக் கரையான் விடாது என்பதால் அடுத்த பருவத்துக்கு அதே குச்சியை நம்ப வேண்டாம். மூங்கில் சற்று மேல். அரை அங்குல பி.வி.சி. குழாய் வெயிலில் தளர்ந்து வளையும். உள்ளே ஒரு இரும்புக் கம்பியைச் செருகினால் நிற்கும், ஆனால் அந்தக் கம்பியை மட்டுமே வைத்திருக்கலாமே என்ற கேள்வியும் எழும்.

கூண்டை நாற்று நடும் அன்றே நிறுத்திவிட வேண்டும். ஒரு சாண் நாற்றைச் சுற்றி அத்தனை பெரிய கூண்டு கொஞ்சம் கேலியாகத்தான் தெரியும். கிளை பரந்த பிறகு இறக்கப் பார்த்தால் கொப்பு முறியும், கால் ஊன்றினால் வேர் அறுபடும். நாற்றின் அடியிலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டின் பாதிவரை புதைத்து நட்டால், புதைந்த பகுதியிலும் வேர் இறங்கிச் செடியே நன்றாக ஊன்றிக்கொள்ளும். வளரும்போது வெளியே நீளும் கிளைகளை உள்ளே திருப்பிவிட வேண்டும். இதைக் காலையில் செய்யக் கூடாது, நீர் நிறைந்து விறைத்திருக்கும் தண்டு பட்டென்று ஒடியும். மதியத்துக்குப் பின் சற்று வாடித் துவண்டிருக்கும்போது சொன்னபடி கேட்கும். கட்ட நேர்ந்தால் பழைய வேட்டிக் கிழிசல் போதும், எட்டு வடிவில், தண்டுப் பக்கம் தளர்த்தி. கட்டுக்கம்பியும் நைலான் நூலும் பருக்கும் தண்டை அறுத்துவிடும்.

காய் சிவக்கும் நேரத்தில் கூண்டின்மேல் நைலான் வலை போர்த்தினால் அணிலும் கொண்டைக்குருவியும் கொத்துவது குறையும். குரங்கு வரும் ஊரில் எந்தக் கூண்டும் எடுபடாது.

பருவம் முடிந்ததும் காய்ந்த கொடியை முழுவதும் உருவி எடுத்து, கம்பியைத் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, மீண்டும் நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் காயவைக்க வேண்டும். செடி வாடல் நோயில் செத்திருந்தால் இதை விட்டுவிடவே கூடாது. துரு கண்ட இடத்தில் உப்புத்தாள் தேய்த்து ஜிங்க் பெயின்ட் ஒரு பூச்சு கொடுக்கலாம். வால்களைப் பிரித்துத் தட்டையாக்கினால் பரண்மேல் பத்துக் கூண்டும் ஒரு சாண் உயரத்தில் அடங்கும். பிரிக்க மனமில்லாதவர்கள் அப்படியே வைத்து அவரையோ பாகலோ ஏற்றிவிடலாம்.