சாமி மேடையும் மரத்தூளும்

போன தீபாவளிக்கு முன், வீட்டுச் சாமி மேடைக்கு மெராந்திப் பலகையை நானே தேய்த்தேன். வெளியே மழை. ஹாலிலேயே சாண்டர் மெஷினை ஓட்டினேன். மாஸ்க் போட்டிருந்ததால் எனக்கு ஒன்றும் ஆகல. ராத்திரி பாட்டிக்குத்தான் இழுப்பு வந்தது.

கண்ணுக்குத் தெரியும் தூள் தரையில் விழுந்துவிடும். தெரியாத நுண்தூள்தான் காற்றில் மிதந்து நுரையீரலுக்குள் போகும். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995இல் அறிக்கை வெளியிட்டது.

தம்பி தங்கைகளே, இப்போது நான் செய்வது இதுதான்:

1. மெஷினை வெளியே, காற்றோட்டத்தில்தான் ஓட்டுவேன். மழை பெய்தால் வேலை நாளைக்கு.
2. என்95 மாஸ்க், கண்ணாடி, காதடைப்பான் மூன்றும் போடுவேன். மெஷினின் தூள் பையையும் மாட்டுவேன்.
3. உப்புத்தாள் மாற்றும்போது பிளக்கைக் கழற்றிடுவேன். சுழற்சி நின்ற பிறகே மெஷினைக் கீழே வைப்பேன்.
4. தூளைத் துடைப்பத்தால் கூட்ட மாட்டேன், ஈரத்துணியால் துடைப்பேன். குளித்து, உடை மாற்றிய பிறகே வீட்டுக்குள் புழங்குவேன்.

அந்த மேடையில் தினமும் விளக்கேற்றுவது பாட்டிதான். சாமிக்குச் செய்யும் வேலைதானே என்று அலட்சியமா இருக்காதீங்க. பக்கத்தில் யார் மூச்சு விடுறாங்கன்னு பார்த்துட்டு சுவிட்சைப் போடுங்க.