லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரா? வாட்டர் பம்ப்பைப் பாருங்கள்

ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய காரும் பாலிஷ் போட்டால் பளபளக்கும். வாங்குமுன் பார்க்க வேண்டியது பானெட்டுக்குள்ளே. அதுவும் எஞ்சின் ஆறியிருக்கும்போது. சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

வாட்டர் பம்ப்பின் அச்சுக்குக் கீழே ஒரு சிறு துளை உண்டு. சீல் தேய்ந்தால் கூலன்ட் கசிவது அந்த வழியாகத்தான். அங்கே பச்சையாகவோ ரோஸாகவோ உப்புப் பூத்தாற்போல் கறை இருக்கிறதா? பம்ப்புக்கு ஆயுசு முடிகிறது. புல்லியைப் பிடித்து அசைத்தால் லொடலொடவென்று ஆடுகிறதா? பேரிங் போச்சு.

ரெனோ டஸ்டர் டீசலில் பம்ப்பைச் சுழற்றுவது டைமிங் பெல்ட். மூடிக்குள் ஒளிந்திருப்பதால் கண்ணுக்குச் சிக்காது. பம்ப் இறுகி பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே வீணாகலாம். பெல்ட்டையும் பம்ப்பையும் சேர்த்து மாற்றிய பில்லைக் கேட்க வேண்டும். “போன வருஷம்தான் சார் மாத்தினோம்” என்பது பில் ஆகாது. பில் இல்லையென்றால் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ளலாம்.